கைகண்ட மருந்து



தமிழில் 'கைகண்ட மருந்து' என்றொரு தொடர் உண்டு. நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்து, அவர் எழுந்து நடந்ததைக் கண்ணாரக் கண்டு, அதன்பின் ஊரார் சூட்டும் பெயர் அது. பாட்டியின் கைப்பக்குவத்திற்கும் அது பொருந்தும். பட்டம் பெற்ற மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைக்கும் பொருந்தும். கண்டவர் சொல்லை நம்பி மருந்துண்பதே மனித குலத்தின் நெடுநாள் வழக்கம். 2020ஆம் ஆண்டில் கொரோனா நச்சுயிரி உலகைச் சூழ்ந்தபோது அவ்வழக்கத்திற்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. கைகண்டவை என்று சொல்லப்பட்ட மருந்துகள் பல வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை உயிர் காக்கவில்லை. உயிர் காத்த மருந்தோ, தனியொருவர் கண்ணுக்குப் புலப்பட்டிருக்கக் கூடியதன்று. அஃது எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதும், கண்டறிந்த பின்னரும் மக்கள் ஏன் வேறொரு மருந்துக்காக வெயிலில் வரிசை கட்டி நின்றனர் என்பதும் இவ்வுரையின் பொருள்.

கண் ஏன் ஏமாறுகிறது என்பதை முதலில் தெளிய வேண்டும். 2020இன் முற்பகுதியில், பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் கோவிட் நோயால் சேர்க்கப்பட்டோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 28 நாட்களுக்குள் இறந்தார். மூவர் பிழைத்தனர். இதன் பொருள் யாது? ஒரு மருத்துவர் தம்மிடம் வந்த இருபது பேருக்கு எந்தப் பயனுமற்ற ஒரு பொடியைக் கொடுத்திருந்தாலும், பதினைந்து பேர் வீடு திரும்பியிருப்பர். அவர்களுடைய நன்றிக் கண்ணீர் பொய்யன்று. மருத்துவரின் பூரிப்பும் பொய்யன்று. பொடிக்கும் பிழைப்புக்கும் இடையே கட்டப்பட்ட உறவுதான் பொய். மறுபுறம், நூற்றுக்கு இருபத்தாறு சாவை இருபத்து மூன்றாகக் குறைக்கின்ற உண்மையான மருந்து ஒன்றை அதே மருத்துவர் அதே இருபது பேருக்குக் கொடுத்தால் அவர் கண்ணில் எவ்வேறுபாடும் படாது. அம்மருந்தை அவர் கைவிட்டுவிடவும் கூடும். கொள்ளைநோய்க் காலத்தின் அவலம் இது: பயனற்றது பயனுடையதாகத் தோன்றும்; பயனுடையது தோன்றாமலே போகும்.

பிரான்சு நாட்டின் மார்சேய் நகரில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அங்குள்ள தொற்றுநோய் நிறுவனத்தின் அன்றைய தலைவர் டிடியே ரவுல், நுண்ணுயிரியலில் பெரும்பெயர் பெற்றவர். மலேரியாவுக்கும் முடக்குவாதத்திற்கும் வழங்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற பழைய மருந்து கொரோனாவை விரட்டுகிறது என்று அவருடைய குழுவினர் 2020 மார்ச் 20 அன்று ஒரு கட்டுரை வெளியிட்டனர். மொத்தம் 36 நோயாளிகள். மருந்துண்டவராகக் கணக்கில் வந்தோர் 20 பேர். ஆறாம் நாளில் மூக்கின் பின்புறத்திலிருந்து எடுத்த மாதிரியில் நச்சுயிரி இருக்கிறதா என்பதே அளவுகோல். நோயாளி பிழைத்தாரா என்பதன்று. மருந்து பெறாதோர் சீட்டுப் போட்டுப் பிரிக்கப்பட்டவரும் அல்லர். வேறு மருத்துவமனைகளில் இருந்தோரும், மருந்தை மறுத்தோரும் அப்பிரிவில் சேர்க்கப்பட்டனர்.

இவற்றையெல்லாம் விடக் கூர்ந்து நோக்கத் தக்கது ஒன்றுண்டு. மருந்து தொடங்கப்பட்டோர் உண்மையில் 26 பேர். அவர்களுள் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர், ஒருவர் இறந்தார், ஒருவர் மருத்துவமனையை விட்டுச் சென்றார், ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தினார். இந்த அறுவரும் இறுதிக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டனர். இறந்தவரை நீக்கிவிட்டு எழுதிய கணக்கில் மருந்து வென்றது. அந்தக் கட்டுரை 2024 டிசம்பரில்தான் இதழிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

2020 மார்ச்சிலோ செய்தி தீயெனப் பரவிற்று. அமெரிக்க அதிபர் டிரம்ப் அம்மருந்தைப் புகழ்ந்துரைத்தார். அந்நாட்டின் உணவு மருந்து நிருவாகம் மார்ச் 28இல் அவசரகால இசைவு தந்தது; ஜூன் 15இல் அதனைத் திரும்பப் பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மார்ச் 22ஆம் நாளிலேயே, மருத்துவப் பணியாளர்களும் நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்வோரும் தற்காப்பாக அதனை உண்ணலாம் என்று அறிவுறுத்தியது. அம்மருந்தைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் இந்தியா, சில நாட்களில் அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. முடக்குவாதத்திற்காகவும் லூபஸ் நோய்க்காகவும் ஆண்டுக்கணக்கில் அதனை உண்டு வந்தவர்களுக்குக் கடைகளில் மருந்து கிடைக்கவில்லை. எவருக்கோ பயன்படும் என்ற நம்பிக்கையால், ஏற்கெனவே பயன்பட்டுக் கொண்டிருந்தோர் இழந்தனர்.

நம்பிக்கைக்கு ஆய்வகத்திலும் ஓர் ஆதாரம் இருக்கத்தான் செய்தது. கண்ணாடிக் குடுவையில் வளர்த்த உயிரணுக்களில் அம்மருந்து கொரோனாவைத் தடுத்தது உண்மை. ஆனால் அவை குரங்கின் சிறுநீரக உயிரணுக்கள். மனித நுரையீரல் உயிரணுக்களில் அதே ஆய்வைச் செய்தபோது மருந்து தடுக்கவில்லை என்று 2020 ஜூலையில் வெளியான ஜெர்மானிய ஆய்வு காட்டிற்று. நச்சுயிரி இவ்விரு வகை அணுக்களிலும் வெவ்வேறு வாயில் வழியே நுழைகிறது. மருந்து அடைத்தது ஒரு வாயிலை மட்டுமே.

இந்தக் கூச்சலுக்கு நடுவே இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லேண்ட்ரே என்னும் இருவர் வேறொரு வழியில் இறங்கினர். 'ரெகவரி' என்று பெயரிட்ட அவர்களது ஆய்வு, திட்டம் எழுதிய ஒன்பதே நாட்களில், 2020 மார்ச் 19 அன்று முதல் நோயாளியைச் சேர்த்தது. நிரப்ப வேண்டிய படிவங்கள் மிகச் சில. மூச்சுத் திணறும் நோயாளிகளிடையே முகக்கவசமும் உறையும் அணிந்து வியர்த்து நிற்கும் மருத்துவரும் செவிலியரும் சில நிமிடங்களில் முடிக்கத் தக்கவாறு அவை அமைக்கப்பட்டன. வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கியபோது நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பணிபுரிவோரையும் ஒரு கூறாக வைத்தார். ஆக்ஸ்போர்டார் செய்த எளிமை அந்த நான்காம் கூறை மதித்துச் செய்த எளிமை எனலாம். பிரிட்டனின் தலைமை மருத்துவ அலுவலர்கள் ஏப்ரல் தொடக்கத்தில் மருத்துவமனைகள் அனைத்துக்கும் மடல் எழுதினர்: மெய்ப்பிக்கப்படாத மருந்துகளை அவரவர் விருப்பப்படி கொடுக்க வேண்டாம், நோயாளிகளை ஆய்வில் சேர்க்க முயலுங்கள் என்பது அதன் கருத்து.

ஆய்வின் உயிர்நாடி ஒன்றே. ஒப்புதல் தந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்யமாட்டார். நோயாளியும் முடிவு செய்யமாட்டார். கணினி சீட்டுப் போடும். தமிழருக்கு இஃது அயலானதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு குடவோலை முறையைக் கூறுகிறது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அச்சிறுவனின் அறியாமையே அம்முறையின் வலிமை. அவனுக்கு வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை. மருத்துவர் தேர்ந்தெடுத்தால், தம்மை அறியாமலே, பிழைக்கக் கூடியவருக்குப் புதுமருந்தைத் தருவார். அல்லது இரக்க மிகுதியால் மிக நலிந்தவருக்குத் தருவார். இரண்டாலும் கணக்குக் கெடும். சீட்டு எடுத்தால் முதியோர், இளையோர், நீரிழிவுடையோர், வறியோர், செல்வர் அனைவரும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒப்ப அமைவர். பின்னர்த் தோன்றும் வேறுபாடு மருந்தினுடையது. தமிழ்ப் பாடநூல்கள் இதனைச் 'சமவாய்ப்பு முறை' என்கின்றன. ஆங்கிலச் சொல்லில் குருட்டுத்தனத்தின் சாயல் இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் நீதியின் சாயல் இருக்கிறது. சொல்லாக்கம் செய்தவர் யாராயினும் வாழ்க.

சமவாய்ப்பு முறை மருத்துவத்துள் வேரூன்றிய வரலாறும் ஒரு பற்றாக்குறையில்தான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனிடம் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மிகச் சிறிதளவே இருந்தது; அமெரிக்காவிலிருந்து வாங்க டாலர் இல்லை. எல்லோர்க்கும் போதாத மருந்தைச் சீட்டுப் போட்டு வழங்குவதே நேர்மை என்று ஆய்வாளர்கள் கருதினர். ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்ற புள்ளியியலறிஞர் முத்திரையிட்ட உறைகளைக் கொண்டு அதனை நடத்தினார். அவரே முதல் உலகப் போரில் பணியாற்றியபோது காசநோய்க்கு ஆளாகி ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். 1948இல் முடிவு வெளியாயிற்று: ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் இறந்தோர் 4, படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தோர் 14.

எட்டே ஆண்டுகளில் அம்முறை சென்னைக்கு வந்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தியல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. வாலஸ் பாக்ஸ் தலைமையில் 193 காசநோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறுசாராரை நெருக்கடி மிகுந்த அவர்தம் வீடுகளிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். நல்ல உணவும் தூய காற்றும் முழு ஓய்வும் இன்றிக் காசம் தீராது என்பது அன்றைய அறிஞர் பலரின் கைகண்ட உண்மை. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதேயளவு குணமடைந்தனர். உடனுறைந்த உறவினர்க்குத் தொற்றும் மிகவில்லை. 1959இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் தேவையைக் குறைத்தது. மருத்துவமனைக் கட்டில்கள் கிடைக்காத ஏழை நாடுகளுக்கு அது பெருங்கொடை. சென்னையின் பெருமைகளைப் பட்டியலிடும் கவிதைகளில் சேத்துப்பட்டு இடம்பெறாதது ஒரு குறையே.

மீண்டும் 2020க்கு வருவோர் அவ்வாண்டின் மே மாதத்தில் ஒரு விந்தையைக் காண்பர். மே 22 அன்று புகழ்மிக்க 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆறு கண்டங்களின் 671 மருத்துவமனைகளிலிருந்து 96,032 நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டியதாகவும், ஹைட்ராக்சிகுளோரோகுயின் உண்டோர் மிகுதியாக இறந்ததாகவும் அது கூறிற்று. உலக நலவாழ்வு நிறுவனம் தன் ஆய்வில் அம்மருந்துப் பிரிவை நிறுத்தி வைத்தது. தரவுகளைத் தந்ததாகச் சொல்லப்பட்ட சர்ஜிஸ்பியர் என்னும் நிறுவனம் அவற்றைச் சரிபார்க்கத் தரவில்லை. ஜூன் 4இல், ஆசிரியர் நால்வருள் மூவர் கட்டுரையைத் திரும்பப் பெற்றனர். முதலில் மருந்தைப் போற்றியதும் சரியான சான்றின்றி; பின்னர் தூற்றியதும் சரியான சான்றின்றி. எண்கள் பெரியவை என்பதால் மட்டும் உண்மையாகிவிடுவதில்லை. முப்பத்தாறு பேரைக் கொண்டு ஏமாறியது போலவே தொண்ணூற்றாறாயிரம் பேரைக் கொண்டும் உலகம் ஏமாறிற்று.

அந்த நாட்களில் ஆக்ஸ்போர்டு ஆய்வையும் நிறுத்த வேண்டுமோ என்ற கேள்வி எழுந்தது. அதன் தரவுகளைக் கண்காணிக்கும் தனிக்குழு உள்ளே பார்த்துவிட்டு, நிறுத்தக் காரணமில்லை, தொடர்க என்றது. ஜூன் 5இல் விடை கிடைத்தது. இறுதிக் கணக்கின்படி, ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெற்ற 1,561 பேரில் 27 விழுக்காட்டினரும், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்ற 3,155 பேரில் 25 விழுக்காட்டினரும் 28 நாட்களில் இறந்திருந்தனர். மருந்து உயிர் காக்கவில்லை.

பதினொரு நாட்கள் கழித்து, ஜூன் 16 அன்று, எவரும் பாடாத ஒரு மருந்தின் பெயர் அறிவிக்கப்பட்டது. டெக்சாமெதசோன். ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. அவ்வகையின் மூத்த மருந்தான கார்ட்டிசோனை 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்து, 1950இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர் பிலிப் ஹென்ச். டெக்சாமெதசோன் 1950களின் இறுதியில் வந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் 1977 முதல் இருப்பது. ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் சிற்றூர் மருத்துவர்களும் எடுத்தாள்வது. அதற்குக் காப்புரிமையும் இல்லை; விளம்பரமும் இல்லை. பிரிட்டனில் 2020இல் ஒரு நோயாளிக்கு முழு மருந்துச் செலவு ஏறத்தாழ ஐந்து பவுண்டாக இருந்தது.

அதனைப் பரிந்துரைக்க வேண்டாம் என்பதே 2020 தொடக்கத்தில் உலக நலவாழ்வு நிறுவனம் தந்திருந்த அறிவுரை. காரணமின்றியும் அல்ல. ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பாற்றலை அடக்குவது. நச்சுயிரி உடலுள் பெருகும்போது எதிர்ப்பாற்றலை அடக்கினால் பகைவனுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டதாகும். முந்தைய சார்ஸ் நோயிலும் இன்ஃபுளுவென்சாவிலும் ஸ்டீராய்டுகள் தீங்கு செய்தன என்ற ஐயமும் இருந்தது. மருத்துவர்கள் இரு கட்சியாயினர். ஒரு கட்சி கண்ணால் கண்டேன் என்றது. மறு கட்சியும் அதையே சொன்னது. சீட்டுத்தான் தீர்ப்புச் சொன்னது.

நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், பத்து நாட்கள் வரை. 2,104 பேர் பெற்றனர். 4,321 பேர் பெறவில்லை. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் சாவு 25.7 விழுக்காட்டிலிருந்து 22.9 ஆயிற்று. இருபது படுக்கைகளைச் சுற்றி வந்த மருத்துவர் காண முடியாத வேறுபாடு இது. ஆனால் ஆய்வறிக்கையின் பயன் அந்த ஒற்றை எண்ணில் இல்லை. அதனடியில் உள்ள மூன்று வரிகளில் இருக்கிறது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோருள் சாவு 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. கருவியின்றி ஆக்ஸிஜன் மட்டும் பெற்றோருள் 26.2இலிருந்து 23.3 ஆயிற்று. ஆக்ஸிஜனே தேவைப்படாதோருள் மருந்து பெறாதவர் 14 விழுக்காடும், பெற்றவர் 17.8 விழுக்காடும் இறந்தனர். இம்மூன்றாம் வரியின் வேறுபாடு ஐயத்திற்கு இடமின்றித் தீங்கை நிறுவும் அளவினதன்று. எனினும் பயனில்லை என்பதையும் தீங்கு நேரலாம் என்பதையும் அது தெளிவாகவே சொல்லிற்று.

இரு கட்சியாரும் பாதி உண்மையைப் பிடித்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். முதல் வாரத்தில் நச்சுயிரி பெருகுகிறது. அப்போது எதிர்ப்பாற்றலைத் தளர்த்துவது பிழை. பின்னர்ச் சிலருக்கு, நச்சுயிரி தணியும் வேளையிலும் உடலின் காவற்படை அடங்காமல் வெகுண்டு தன் நுரையீரலையே தாக்குகிறது. அப்போது அப்படையை அடக்குவதே உயிர்காப்பு. ஒரே மருந்து, ஒரே நோய்; நாள் மாறினால் பலன் மாறுகிறது. பிரிட்டன் அன்றைய தினமே அம்மருந்தை ஏற்றது. இந்திய அரசு ஜூன் 27இல் தன் வழிகாட்டு நெறியில் சேர்த்தது.

கவிஞர்கள் நிறைந்த அவையில் விழுக்காடுகளை அடுக்குவது சிலர்க்கு வறட்சியாகத் தோன்றலாம். கையறுநிலைப் பாடல்களை உலகுக்குத் தந்த மொழி இது. ஒருவனின் சாவை ஒருவனின் சாவாகவே பார்க்கக் கற்றுத் தந்த மொழி. 41.4, 29.3 என்ற எண்களுக்கிடையே நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் இருக்கின்றனர். அவர்கள் எவரெவர் என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. மருந்தில்லாமலே பிழைத்திருக்கக் கூடியவரும் மருந்தால் பிழைத்தவரும் ஒரே வாயில் வழியாக வீடு திரும்பினர். தாம் காக்கப்பட்டோம் என்று அறியாதவரின் வாழ்வைப் பாடும் பாடல் எந்த மொழியிலும் எளிதில் அமையாது. அதனால்தான் போலும், எண்களே அவர்களுக்குரிய ஒரே பதிவாக நிற்கின்றன.

சீட்டு எடுக்க ஒப்பிய நோயாளிகளையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். எது நல்லது என்று தமக்குத் தெரியாது என மருத்துவரே படுக்கையருகில் வந்து சொல்கிறார். மூச்சு வாங்கிக் கிடப்பவர் அதனைக் கேட்டுக் கையொப்பமிடுகிறார். அவருள் பலர் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பக்கம் விழுந்தனர், எச்.ஐ.வி. மருந்தான லோபினாவிர் பக்கம் சிலர் விழுந்தனர். அதுவும் பயன் தரவில்லை என்று ஜூன் இறுதியில் தெரிந்தது. அவர்கள் பெற்ற பயன் ஏதுமில்லை. அவர்களால் பின்வந்தோர் அந்த மருந்துகளிலிருந்து விடுபட்டனர். 2021இல் டோசிலிசுமாப் என்ற ஊசி மருந்து சாவை 35 விழுக்காட்டிலிருந்து 31 ஆகக் குறைப்பதை அதே ஆய்வு கண்டது. நச்சுயிரியையே நேரே தாக்கும் பாக்ஸ்லோவிட் மாத்திரை 2021 இறுதியில் வந்தது. தடுப்பூசி பெறாத, ஆபத்து மிகுந்த நோயாளிகள் முதல் சில நாட்களிலேயே அதனை உண்டபோது பெரும்பயன் விளைந்தது. இரண்டும் விலை மிகுந்தவை.

இந்தியாவிலும் அறிவு இருந்தது. அஃது இல்லாமையால் அல்லல் விளையவில்லை. நோயினின்று மீண்டவரின் குருதிநீரை நோயாளிக்கு ஏற்றும் பிளாஸ்மா மருத்துவத்தை எடுத்துக்கொள்ளலாம். உலகிலேயே முந்திக்கொண்டு அதனைச் சமவாய்ப்பு முறையில் ஆராய்ந்தோருள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரும் அடங்குவர். 39 மருத்துவமனைகள், 464 நோயாளிகள். 2020 ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை சேர்த்தனர். நோய் முற்றியோரும் இறந்தோரும் பிளாஸ்மா பெற்றவரில் 19 விழுக்காடு. பெறாதவரில் 18 விழுக்காடு. அக்டோபரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. நேர்மையான, துணிவான ஆய்வு. ஆயினும் அரசின் வழிகாட்டு நெறியிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே 17இல். இடைப்பட்ட ஏழு மாதங்களில் பிளாஸ்மா கேட்டு எத்தனை பிள்ளைகள் எத்தனை வாயில்களில் நின்றனர்! கொடுத்தவரின் கருணையும் கேட்டவரின் அன்பும் மெய். பயன் மட்டும் இல்லை.

ரெம்டெசிவிர் கதை இதனினும் கசப்பானது. அமெரிக்காவின் கிலியட் நிறுவனம் உருவாக்கியது. எபோலா நோய்க்காகக் காங்கோ நாட்டில் சோதிக்கப்பட்டு, அதனினும் சிறந்த மருந்துகள் இருந்தமையால் 2019 ஆகஸ்டில் அங்கே கைவிடப்பட்டது. கோவிட் நோயில் 1,062 பேரைக் கொண்ட ஆய்வு, அது நோய்நாட்களைப் பதினைந்திலிருந்து பத்தாகக் குறைக்கிறது என்றது. சாவைக் குறைப்பதாக அவ்வாய்வு நிறுவவில்லை. 2020 அக்டோபரில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் பேராய்வு வந்தது: மருந்து பெற்ற 2,743 பேரில் இறந்தோர் 301, பெறாத 2,708 பேரில் இறந்தோர் 303. அடுத்த மாதமே அதனைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நிறுவனம் அறிவுறுத்தியது. பின்னாளைய ஆய்வுகள், ஆக்ஸிஜன் பெறுவோருக்குச் சிறு பயனும், நோயின் முதல் நாட்களிலேயே கொடுத்தால் கூடுதல் பயனும் உண்டு என்று காட்டின. ஆகவே அது பயனற்ற மருந்தன்று. மூச்சடங்கும் கட்டத்தில் உயிரை மீட்கும் மருந்தன்று, அவ்வளவே.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தபோது மக்கள் அதனைத் தேடியது அந்தக் கட்டத்திற்காகத்தான். ஏப்ரல் 11இல் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடை செய்தது. அரசின் தலையீட்டால் விலை குறைந்த பின்னும் ஒரு குப்பி 899 ரூபாய் முதல் 3,490 ரூபாய் வரை விற்றது; ஐந்து நாள் மருத்துவத்திற்கு ஆறு குப்பிகள் வேண்டும். கள்ளச்சந்தையில் விலைக்கு எல்லையில்லை. ஏப்ரல் 26 முதல் சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் தமிழக அரசே விற்பனை தொடங்கிற்று. தனியார் மருத்துவமனைகள் எழுதிக் கொடுத்த சீட்டுகளுடன் வெளி மாவட்டங்களிலிருந்தும் உறவினர் வந்து இரவெல்லாம் சாலையோரம் காத்துக் கிடந்தனர். மே மாதத்தில் விற்பனை நேரு விளையாட்டரங்கத்திற்கு மாற்றப்பட்டது. அங்கும் நெருக்கம் தாங்காமல், மருத்துவமனைகளுக்கே நேராக வழங்கும் முறை வந்தது. இங்கும் கையில் சீட்டு இருந்தது. அது வேறு சீட்டு. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நோய் பரவும் காலத்தில், நோயாளியின் மகனும் மகளும் தோளோடு தோள் உரச நின்ற அவ்வரிசை தமிழகம் மறக்கத் தகாத காட்சி.

ரெம்டெசிவிர் மாயமருந்தன்று என்றும், சாவைக் குறைப்பதாக மெய்ப்பிக்கப்பட்டது உரிய வேளையில் தரும் ஸ்டீராய்டுதான் என்றும் தில்லி எய்ம்ஸ் நிறுவன இயக்குநர் ரண்தீப் குலேரியா அதே ஏப்ரலில் வெளிப்படையாகக் கூறினார். கேட்டவர் சிலர். வரிசையில் நின்றோரை இதற்காகப் பழித்தல் தகாது. தந்தை மூச்சுக்குத் தவிக்கும்போது, மருத்துவர் எழுதித் தந்த பெயரை ஆராய்ந்து பார்க்கும் நிலையில் பிள்ளை இல்லை. பொறுப்பு எழுதிய கையினுடையது. கொடுப்பதற்கு வேறேதும் இல்லாதபோது ஏதேனும் ஒன்றை எழுதுவதே கருணை என்று அக்கை எண்ணியிருக்கலாம். எளிதில் கிடைப்பதை மதியாமல், கிடைத்தற்கு அரியதை அருமருந்தென மதிக்கும் மனமும் அதில் கலந்திருந்தது. கபசுரக் குடிநீரை 2020இல் தமிழக அரசு மக்களுக்கு வழங்கியபோது எவரும் அதற்காக இரவில் காத்துக் கிடக்கவில்லை என்பதும் இவ்விடத்தில் நினைவுக்கு வரும்.

டெக்சாமெதசோன் எளிதில் கிடைத்தது. அதனாலேயே மற்றொரு கேடு விளைந்தது. ஆய்வின் முதல் இரு வரிகள் ஊரெங்கும் பரவின. மூன்றாம் வரி பரவவில்லை. காய்ச்சல் கண்ட முதல் நாளிலேயே, ஆக்ஸிஜன் குறையாத நிலையில், வீட்டிலிருந்தபடியே பலர் ஸ்டீராய்டு மாத்திரை உண்டனர். கைப்பேசி வழியே மருந்துச்சீட்டுகள் ஒருவரிடமிருந்து ஒருவர்க்குச் சென்றன. பக்கத்து வீட்டார் பிழைத்தார். அவர் உண்டது இதுவே. ஆகவே இது கைகண்ட மருந்து. லேசான நோயுடையோர் முதல் நாட்களில் ஸ்டீராய்டு உண்பது தீங்கு என்று 2021 மே முதல் வாரத்தில் குலேரியா எச்சரித்தார். ஸ்டீராய்டு குருதியில் சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பாற்றலை இறக்கும். நீரிழிவாளர் நிறைந்த நாட்டில் மியூகோர் என்னும் பூஞ்சை அவ்விடத்தில் நுழைந்தது. மூக்கிலும் கண்குழியிலும் திசுக்களைக் கருக்கிச் செல்லும் அந்நோய்க்குக் கரும்பூஞ்சை என்று பெயர் வழங்கிற்று. 2021 ஜூலைக்குள் இந்தியாவில் 45,000க்கும் மேற்பட்டோருக்கு அது கண்டது. 4,300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்ணை அகற்றித்தான் பலரைக் காக்க முடிந்தது. அதற்குரிய ஆம்போடெரிசின்-பி 1950களிலிருந்து வழங்கி வரும் பழைய மருந்து. அம்மே மாதத்தில் அதுவும் கடைகளில் இல்லாமற்போயிற்று. ரெம்டெசிவிருக்காக அலைந்த பிள்ளைகளுள் சிலர், அதே மருந்துக்கடைகளின் முன், புதியதொரு பெயர் எழுதிய சீட்டுடன் மீண்டும் வந்து நின்றனர்.